துண்டை அவிழ்த்துவிட்டு மூச்சை இழுங்கள்

1

மெல்பர்னில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் போன வாரம் எனக்கு ஒரு பதவி கொடுத்தார்கள். கூடுதல் சம்பளம் கிடையாது, நான் கேட்கவும் இல்லை. இனிமேல் புதன்கிழமை மதியம் ஊழியர்களை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வேண்டுமாம். மன அமைதிக்கு, நல்ல எண்ணம் வளர்வதற்கு. எங்கள் மேலாளர் கேரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சீர்வரிசை கொண்டுவந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஸ்டெல்லா, நீ இந்தியாக்காரி. இதெல்லாம் உனக்கு ரத்தத்திலேயே இருக்கும்."

என் ரத்தத்தில் இருப்பது சர்க்கரை. நான் கிருஷ்ணகிரிக் கத்தோலிக்கப் பெண். கோயிலில் முழங்கால் போட்டே மூட்டு தேய்ந்தவள். என்னைப் பத்மாசனத்தில் உட்காரவைத்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும்.

இந்த அமைதி இவர்களுக்குத் திடீரென்று ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரிவில் வேலையை விட்டுப் போனவர்களுக்குப் பதில் ஆள் போடவில்லை. மிச்சமிருக்கும் நாங்கள்தான் எல்லா முதியவர்களையும் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, இடுப்பொடிந்து கிடக்கிறோம். என்னோடு வேலை பார்க்கும் குரோஷியாக்காரி மரியா, படுக்கை விரிப்பு அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆள் வேண்டும் என்று கேட்டோம். மூச்சை இழுத்து விடுங்கள் என்கிறார்கள்.

கேரன் பேசப் பேச எனக்குக் குமட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே வாயில் எச்சில் ஊறி, கழிவறைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

வீட்டில் வந்து சொன்னால் என் மகள் ஷீபாவுக்கு ஒரே குதூகலம். அவள் கல்லூரியில் படிக்கிறாள். ரப்பர் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வாரா வாரம் யோகா வகுப்புக்குப் போகிறாள். ஆசனங்களின் சமஸ்கிருதப் பெயர்களெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கிருஷ்ணகிரி என்று சொல்லச் சொன்னால் மட்டும் நாக்கு சறுக்கும். "அம்மா, நீ ரொம்ப நெகட்டிவ்" என்றாள். "அது உனக்கே நல்லதும்மா. நீ எப்பவும் ஆங்ரி."

ஆமாம், ஆங்ரிதான். ஏன் என்று அதுவரை நான் அவளிடம் சொன்னதில்லை. ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்குத்தான் ஓசூர்த் தொழிற்சாலைகளின் வாசனை தெரியும்.

2

எண்பதுகளில் நான் ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முதலுதவி அறை நர்ஸாக இருந்தேன். மோட்டார் சைக்கிளுக்கு ஹேண்டில்பார், சைலன்சர் எல்லாம் செய்து, குரோமியம் முலாம் பூசிப் பளபளவென்று அனுப்புகிற இடம். அந்தப் பளபளப்பைக் கொடுக்கிற பிளேட்டிங் ஷெட் பின்பக்கத்தில் இருந்தது. நீளமான தொட்டிகளில் அமிலம் சூடாக இருக்கும். கரண்ட் பாயும்போது அது நுரைத்து, மஞ்சளாக ஒரு ஆவி எழும்பும். உள்ளே நுழைந்தாலே தொண்டையில் பழைய செம்புக் காசை வைத்த மாதிரி ஒரு ருசி. கண் எரியும். அங்கே வேலை பார்த்தவர்களின் விரல் இடுக்குகளில் குழி குழியாகப் புண் இருக்கும். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுக என் அறைக்கு வருவார்கள். நான் பஞ்சை வைத்து அனுப்புவேன்.

அந்த ஷெட் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, முதல் நாளே பக்கத்து ஆளைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. துண்டை நனைத்துப் பிழிந்து, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். உள்ளே இருக்கும்வரை மூச்சை முழுசாக இழுக்க மாட்டார்கள், சூடான காபியைக் குடிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவார்கள். பிறகு வெளியே பம்ப் ரூம் பக்கம் ஓடிவந்து, துண்டை இறக்கிவிட்டு, ஆசை தீர ஒருதடவை இழுப்பார்கள். இப்படித்தான் தமிழ்க்காரன், தெலுங்குக்காரன், கன்னடக்காரன் எல்லோரும் அங்கே பிழைத்தார்கள்.

என் தம்பி சேவியரும் அந்த ஷெட்டில்தான் இருந்தான். எங்கள் வீட்டிலேயே மூக்குக்கு மேல் கோபம் உள்ளவன் அவன். தட்டில் உப்பு குறைந்தால் தெருவுக்கே கேட்கும். ஷெட் சுவரில் ஆவியை வெளியே இழுக்க ஒரு பெரிய ஃபேன் இருந்தது. அதன் மோட்டார் எரிந்துபோய், ரிப்பேருக்கென்று கழற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. சேவியர்தான் எல்லோரையும் திரட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனான். சூளகிரியிலிருந்து வருகிற முனிராஜும் கூடப் போனான்.

"ஃபேனு எப்ப சார் வரும்?"

"வரும்ப்பா. ஆர்டர் போட்டிருக்கு."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க. மூக்குல ரத்தம் ஊத்துது சார். நீங்க ஒரு நாள் உள்ள வந்து நின்னு பாருங்க, அப்ப தெரியும்."

மேனேஜர் மெட்ராஸ்காரர். சத்தம் போடவில்லை. "உங்க டென்ஷன் எனக்குப் புரியுது சேவியர். அதுக்கு ஒரு ஏற்பாடு பண்றேன்" என்றார். ஃபேன் வரப்போகிறது என்று இவர்கள் சந்தோஷமாகத் திரும்பி வந்தார்கள்.

3

வந்தது யோகா மாஸ்டர். பெங்களூரிலிருந்து ஃபியட் காரில் வந்திறங்கினார். வெள்ளை ஜிப்பா, தோளில் சரிகை அங்கவஸ்திரம், கன்னமெல்லாம் நெய். தொழிலாளர்களின் மனப்பதற்றம் போக வாரம் ஒரு வகுப்பு எடுப்பாராம். எங்கே எடுப்பது? கேன்டீனில் பெஞ்சுகளைத் தரையோடு அடித்து வைத்திருந்தார்கள். குடோனில் சரக்கு. தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற, அகலமான, காலியான தரை அந்தத் தொழிற்சாலையில் ஒன்றுதான் இருந்தது. பிளேட்டிங் ஷெட்.

ஷிப்ட் மாறுகிற நேரத்தில், தொட்டிகளுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து எல்லோரையும் உட்காரவைத்தார்கள். கரண்டை நிறுத்தினால் உற்பத்தி கெடும் என்று தொட்டிகள் பாட்டுக்கு நுரைத்துக்கொண்டிருந்தன. யாராவது மயங்கி விழுந்தால் பார்க்க என்னையும் வாசலில் நிற்கவைத்தார்கள். மாஸ்டர் எல்லோர் முகத்திலும் துண்டைப் பார்த்தார். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகக் கேட்டார்.

"ஏனு இது? கள்ளரு மாதிரி மொகத்தெ கட்டிண்டு? துண்டு அவுத்துடுங்க. மூச்சுக்குத் தடை இருக்கப் படாது. பிராணன் உள்ளே வரணும், இல்லே? ஸ்வல்ப நல்லா இழுங்க."

அவர்கள் அவிழ்த்தார்கள். இத்தனை வருஷமாக உறிஞ்சி உறிஞ்சி உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்த ஆட்கள், கம்பெனியே கூட்டிவந்த பெரிய மனுஷன் சொல்கிறாரே என்று துண்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வயிறு உப்ப அந்த ஆவியை இழுத்தார்கள். உள்ளேயே நிறுத்தி வையுங்கள் என்றார். நிறுத்தி வைத்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூ!

சிலர் இருமத் தொடங்கினார்கள். நல்லது என்பதைக் கன்னடத்தில், "ஒள்ளேது, ஒள்ளேது" என்றார் மாஸ்டர். "உள்ளே இருக்கிற கசடு எல்லாம் வெளியே வர்றது."

முனிராஜ் இருமிக்கொண்டே, "கசடு உள்ளருந்து வரல சாமி, அந்தத் தொட்டியிலருந்து வருது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு, ஷெட்டுக்கு வெளியே போய் மிச்ச வகுப்பை வாசலில் நின்றே எடுத்தார். அவர் மட்டும் வாசலில்!

நான் நேரே மேனேஜரிடம் போனேன். "சார், இந்த மூச்சுப் பயிற்சியை அந்த ஷெட்டுக்குள்ள செய்யவே கூடாது. துண்டையும் அவுக்கச் சொல்றாரு. நுரையீரல் வெந்துடும் சார்."

"சிஸ்டர், படிச்ச நீங்களே இப்படிப் பேசினா எப்படி? கொஞ்சம் பாசிட்டிவா யோசிங்க" என்றார்.

அடுத்த வாரம் ஃபேனைக் கழற்றிய ஓட்டையைச் சிமெண்ட் ஷீட்டால் அடைத்துவிட்டு, அதன்மேல் தியானத்தில் உட்கார்ந்த ஒருவரின் படத்தை மாட்டினார்கள். கீழே "அமைதியே ஆற்றல்" என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது. இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை ஐயா, யாருக்கு இப்படிக் கற்பனை வரும்?

4

ஒன்றை மறைத்தால் நான் பொய் சொன்னவளாவேன். சேவியருக்கு அந்த யோகா பிடித்துப்போனது. நல்லதும் செய்தது. ராத்திரி படுத்தால் தூங்கினான். மனைவி ஜெசிந்தாவிடம் கத்துவதை விட்டான். உப்பு குறைந்தால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். அவள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். யோகாவின் மேல் எனக்கு என்ன வழக்கு? வீட்டு மொட்டைமாடியில் செய்திருந்தால் நானும் மெழுகுவத்தி ஏற்றியிருப்பேன்.

ஆனால் உப்பைப் பற்றிக் கத்தாதவன் ஃபேனைப் பற்றியும் கேட்காமல் விட்டான். அவன் வாயை நம்பித்தான் மற்றவர்கள் இருந்தார்கள். அவன் முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்தபிறகு, மேனேஜர் அறைக்கு யார் போவது? முனிராஜ் ஒருவன் மட்டும் போனான். அவனை இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள், கொஞ்ச நாளில் அவனே விட்டுவிட்டுச் சூளகிரியில் தக்காளி போடப் போய்விட்டான்.

மற்றவர்கள் வகுப்பு முடிந்ததும் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். சேவியர் வேலை நேரத்திலும் கட்டுவதில்லை. மனசுதான் திரை, துணி எதற்கு என்று மாஸ்டர் சொன்னாராம். மாஸ்டருக்கு என்ன, சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்.

ஒரு நாள் மூக்கில் ரத்தத்தோடு வந்தான். தலையை நிமிர்த்தி, ஒரு பக்கத் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சாதாரணமாக நடுவில் இருக்கும் சுவர் வெளிச்சத்தை மறைக்கும். அவனுக்கு வெளிச்சம் அந்தப் பக்கம் பளிச்சென்று வந்து விழுந்தது. நடுச்சுவர் ஓட்டையாகிவிட்டிருந்தது. டார்ச்சை அணைத்தேன்.

"டேய், மூக்கே அரிச்சிப் போச்சிடா. உள்ள நெஞ்சு என்னா கதியோ. இந்த வேலைய வுட்ருடா."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியாது. சாந்தமாக, என்னைப் பார்த்து இரக்கப்படுகிற மாதிரி ஒரு சிரிப்பு. "பதறாதக்கா. ஒடம்புக்கு வர்றது ஒடம்புக்கு. மனச கெட்ட நெனப்புல வுடக்கூடாது."

ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. முன்பிருந்த சேவியர் என்றால் அறைந்திருப்பேன், அவனும் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருப்பான். இந்தச் சாமியாரை எங்கே அறைவது?

5

பிறகு எனக்கு இந்த நாட்டுக்கு வர விசா கிடைத்தது. அதற்கு அவர்கள் என் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்களே, அப்படி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். படம் தெளிவாக இல்லை என்று மறுபடியும் எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. என் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பதில் ஒரு அரசாங்கத்துக்கே அவ்வளவு அக்கறை. அந்த ஷெட்டில் நின்ற ஒருவன் நெஞ்சையும் யாரும் படம் எடுத்துப் பார்த்ததில்லை.

இங்கே வந்த புதிதில் நான் பட்ட பாடு தனிக்கதை. ஒரு தாத்தாவிடம், தூங்க வைக்கட்டுமா என்று பாசமாக என் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் அலறிவிட்டார். நாய்க்கு ஊசி போட்டுக் கொல்வதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்களாம். கேரன் அப்போதும் என்னைக் கூப்பிட்டு அமைதியாகப் பேசினாள். அமைதியாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு அந்த ஓசூர் மேனேஜர் காலத்திலிருந்து இன்றுவரை ஒரு பயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேவியர் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்போர்ஷன் போனுக்குப் பேசுவேன். அந்த மாஸ்டர் வருவது எப்போதோ நின்றுவிட்டது. அதன்பிறகு ஷெட்டில் சேவியரே வகுப்பு எடுக்க ஆரம்பித்தான். கம்பெனிக்கு ஃபியட் காரின் பெட்ரோலும் மிச்சம். போன மாதம் ஜெசிந்தா போனைப் பிடுங்கிக்கொண்டு அழுதாள்.

"அண்ணி, கோயில் படி ஏற முடியலங்க அவரால. பூசையில பாட்டு பாடறத வுட்டுட்டாரு. பையனுக்கு பலூன் ஊதப் போயி, மூச்சு வாங்கி அப்படியே குந்திட்டாரு. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, நல்லதயே நெனைன்றாரு. அவருக்கு எதுனா ஆச்சின்னா நான் எதய நெனைக்கறது?"

எனக்கு அதற்கப்புறம் வேறு நினைப்பே இல்லை. அவன் வேலூருக்குப் போக வேண்டும். அந்த ஷெட்டை விட்டு வெளியே வர வேண்டும். கெஞ்சினேன், திட்டினேன், செத்துப்போன எங்கள் அம்மாவின் பேரைச் சொல்லி அழுதேன். எல்லாவற்றுக்கும் அதே சாந்தம்தான்.

6

இந்த நிலைமையில்தான் கேரன் எனக்குப் பதவி கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அவனுக்கு இரண்டாம் ஷிப்ட், காலையில் வீட்டில் இருப்பான் என்று கூப்பிட்டேன். என்னையும் இங்கே மூச்சு வாத்தியார் ஆக்கிவிட்டார்கள் என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

"பாத்தியாக்கா! கடல் தாண்டியும் மதிக்கறாங்க. நான் சொல்லித் தர்றேன், நீ அப்படியே சொல்லு. மொதல்ல நேரா குந்து. கண்ண மூடிக்க. நான் செய்யறேன், கேட்டுக்கினே செய்யி. மூக்கால மெதுவா… இழு…"

இழுப்பது கேட்டது. பாதியில் சர்ரென்று அறுந்தது. இருமல். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"இரு. கட்டிடுச்சி. மறுபடியும். மெதுவா… இழு…"

மறுபடியும் அறுந்தது. இந்தத் தடவை இருமல் நிற்கவே இல்லை. ஜெசிந்தா தண்ணீரைக் கொடுப்பதும், அவன் அதைத் தள்ளிவிடுவதும் கேட்டது. மூன்றாவது முறை இழுத்துப் பார்த்தான். நாய் இளைப்பது போல ஒரு சத்தம்தான் வந்தது.

பிறகு அவனே பேசினான். குரல் மாறியிருந்தது.

"என்னால முடியலக்கா."

"ம்."

"இதக்கூட முடியலன்னா, நான் அங்க குந்திக்கினு இத்தினி வருசமா அந்தப் பசங்களுக்கு என்னாத்தக்கா சொல்லித் தர்றேன்? எல்லாம் சின்னப் பசங்க. நான் சொன்னாத்தான் துண்ட அவுக்கறானுங்க." மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினான். பிறகு வெடித்தான். "ஒரு ஃபேனு! ஒரே ஒரு ஃபேனு கேட்டோம்க்கா! அதப் போடறதுக்கு என்னா கேடு அவனுங்களுக்கு? சாவுகிராக்கிங்க!"

அதற்கு மேல் அவன் சொன்னதை அச்சில் போட மாட்டார்கள். தமிழில் தொடங்கி, தெலுங்குக்குப் போய், கன்னடத்தில் முடித்தான். மாஸ்டரின் அங்கவஸ்திரத்தையும் விடவில்லை. ஜெசிந்தா பயந்து "ஏசுவே, ஏசுவே" என்றாள். நான் இந்தப் பக்கம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அழுதேன், சந்தோஷத்தில்.

ஷீபா ஓடிவந்து என்ன என்று கேட்டாள். அவளை உட்காரவைத்து, அந்தத் தொட்டி, துண்டு, டார்ச் வெளிச்சம் எல்லாவற்றையும் அன்றுதான் சொன்னேன். அவள் பாதியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "மாமா ஏன் இவ்ளோ நாள் கத்தலை?" என்று கேட்டாள்.

7

புதன்கிழமை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். யாரோ மெழுகுவத்தி வேறு கொளுத்தி வைத்திருந்தார்கள். கண்ணை மூட வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில் என் தம்பி கதையைச் சொன்னேன். மரியா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு எல்லோரும் கேரன் அறைக்குப் போனோம், ஆள் கேட்க. கேரனின் முகத்தில் முதல் தடவையாக அமைதி இல்லை. ஆள் போடுவாளோ, என்னை வீட்டுக்கு அனுப்புவாளோ, தெரியாது. வகுப்பு இனிமேல் கிடையாது என்பது மட்டும் உறுதி.

வெள்ளிக்கிழமை வேலூரில் ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து ஜெசிந்தா பேசினாள். சேவியரின் நுரையீரலில் கெட்டுப்போனது கெட்டுப்போனதுதானாம், இனிச் சரியாகாதாம். இனி அந்த ஷெட்டில் கால் வைக்காமல் இருந்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாமாம். வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம், பசங்களையும் துண்டை அவிழ்க்கவிட மாட்டேன் என்கிறானாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மானத்த வாங்கிட்டாருங்க அண்ணி. டாக்டரு நெஞ்சில குழாய வச்சி, நல்லா மூச்ச இழுத்து வுடுப்பான்னாரு. அவ்ளோதான். 'அது முடிஞ்சா நான் என்னாத்துக்குயா ஓசூர்லருந்து பஸ்சு புடிச்சி வர்றேன்'னு கத்திட்டாரு. வார்டே திரும்பிப் பாக்குது."

அவளுக்குப் பின்னால் அவன் சத்தம் எனக்கே கேட்டது. பூத்துக்குள் பீடி பிடித்துக்கொண்டிருந்த யாரையோ, "யோவ், வெளிய போய் ஊதுயா, மனுசன் மூச்சு வுட வேணாமா?" என்று விரட்டிக்கொண்டிருந்தான். நடுவில் இருமினான். இருமிவிட்டு மறுபடியும் கத்தினான்.

"காலையிலருந்து இப்படியேதான் அண்ணி. நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"கத்தட்டும்மா" என்றேன். "நீ தடுக்காத."